நாயக் கட்டுங்க

தாழ்ப்பாள மட்டும் சித்தப் பாத்துக்கோங்க தம்பி. கொஞ்சம் லூஸு. மத்தபடி கூண்டு கல்லாட்ட இருக்குது. ஆறுக்கு நாலு. நம்ம முக்குல இருக்கற வெல்டிங் பட்டறைல பக்கத்துலயே நின்னு செஞ்சு வாங்குனனுங்க. புலியே வந்தாலும் நிக்கும்னு பட்டறைக்காரன் சொன்னான். புலி எங்கீங்க வந்துச்சு.

ஏன் சும்மா குடுக்கறேன்னுதானுங்க கேக்கறீங்க? வாட்ஸ்அப் குரூப்புல போட்டதுல இருந்து எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. சும்மா குடுத்தா ஏதோ கோளாறு இருக்கோணும்னு நெனைக்கறாங்க. கூண்டுல ஒரு கோளாறும் இல்லீங்க. தாழ்ப்பாள் ஒண்ணுதான். அத நீங்க மாத்திக்கலாம். உக்காருங்க. குட்டியானை வண்டிக்காரர் டீ குடிச்சுட்டு வரட்டும், நாம ரெண்டு பேரு மட்டும் தூக்க முடியாது.

குட்டி எங்க, வண்டிலயா இருக்குது? அட்டப்பொட்டியிலயா? இந்த வெயில்லயா? எடுத்துட்டு வாங்க தம்பி, மொதல்ல அத எடுத்துட்டு வாங்க. இங்க, இக்கட்ட, நெழல்ல வெய்ங்க. அடடா. இத்தினியூண்டு இருக்குது. பிட்புல்லா? நம்முளது புல் டெரியருங்க. சனங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். டி.வி.ல வந்த நாய், ஆளக் கொல்ற நாய், அவ்வளவுதான் கணக்கு. நம்முளது முழுக்க வெள்ளை. மூஞ்சி மட்டும் நீளமா, மூக்குக்கு மேல பள்ளமே இல்லாம வழுவழுன்னு எறங்கும். கண்ணு சின்னது. மொதல்ல பாத்தப்ப இது நாயா பன்னியான்னு என்ற சம்சாரம் கேட்டா.

பேரு வெச்சுட்டீங்களா? கில்லரா!

வேண்டாங்க தம்பி. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். நான் ருத்ரன்னு வெச்சேன். என்ற பொண்ணு தாரணி அதோட மூஞ்சியப் பாத்துட்டு முட்டைன்னு கூப்ட்டா. முட்டைன்னு கூப்ட்டா வாலாட்டிட்டு ஓடியாரும். ருத்ரான்னு நான் கூப்ட்டா சுத்தி முத்தியும் பாக்கும், வேற யாரையோ கூப்புடறாங்கன்னு. அப்பவாச்சும் எனக்குப் புரிஞ்சிருக்கோணும்.

நான் கரண்ட் ஆபீஸ்ல ரீடிங் எடுக்கறவனுங்க. இருவத்திரண்டு வருசமாச்சு. எங்க செக்ஷன்ல சென்னியப்பன்னா எல்லாருக்கும் தெரியும். ஊடு ஊடாப் போயி மீட்டரப் பாத்து எழுதோணும். கேக்கறதுக்குச் சுலுவா இருக்கும். ஆனா கேட்டுக்கு வெளிய நின்னு "நாயக் கட்டுங்க, நாயக் கட்டுங்க"ன்னு கத்தறதுலயே பாதிப் பொழுது போயிரும். உள்ள இருந்து "அது ஒண்ணும் பண்ணாதுங்க, வாங்க"ன்னு ஒரு கொரல் வரும். அந்தக் கொரல நம்பி இதுவரைக்கும் நாலு கடி வாங்கியிருக்கேன். பாருங்க, இந்தக் கெண்டைக்கால்ல தழும்பு. இது ஒரு பொமரேனியன். முழங்கால் ஒசரம் கூட இல்ல. கடிச்சுட்டுத் தொங்குது, அந்தம்மா படில நின்னுட்டு, "அது வெளையாடுதுங்க"ங்குது.

அதெல்லாம் கூட மறந்துட்டனுங்க. ஒண்ணு மட்டும் மறக்கல. ஒரு பனியன் கம்பெனி ஓனரு ஊடு. பெரிய காம்பவுண்டு. நான் உள்ள போறேன், கருப்பா ரெண்டு நாய் வருது. ஓடறேன். ஊட்டச் சுத்தி ஓடறேன். ரீடிங் நோட்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். அந்தாளு மேல பால்கனில நின்னு பாத்துட்டுச் சிரிக்கறான். கூப்பிடறதுக்கு ஒரு நிமிசம் ஆகுமுங்களா? கூப்பிடல. நல்லாச் சிரிச்சு முடிச்சதுக்கப்பறம்தான் கூப்ட்டான். கடிச்சிருந்தாக் கூடப் பரவால்லைன்னு இருந்துச்சு.

அதனாலதான் நாய் வாங்குனேன்னு சொல்ல வரல. ஆனா அதனாலதான் வாங்குனேன். நம்ம ஊட்டுக் கேட்டு முன்னாலயும் நாலு பேரு நின்னு கத்தோணும்னு ஒரு ஆசை. இத யாருகிட்டயும் சொன்னதில்லீங்க.

குட்டியா வந்தப்ப நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். மொத ஊசி போட்டேன். அடுத்ததுக்குத் தேதி எழுதிக் குடுத்தாங்க, அந்த அட்டைய எங்கயோ வெச்சுட்டேன். லைசென்ஸ் எடுக்கோணுமின்னு சொன்னாங்க. நான் கவர்மெண்ட் வேலைல இருக்கறவன், என்னைய யாரு கேக்கறதுன்னு விட்டுட்டேன். பெரிய முள்ளு வெச்ச பெல்ட் ஒண்ணு வாங்கிக் கழுத்துல போட்டுச் சாயங்காலம் பொழுதோட தெருவுல கூட்டிட்டுப் போவேன். சனங்க ஒதுங்கி நிப்பாங்க. எதுத்த ஊட்டு ரிட்டயர்டு வாத்தியாரு பேரப்புள்ளையத் தூக்கிட்டு உள்ள போயிருவாரு. சொன்னா உங்களுக்கு அசிங்கமா இருக்கும், எனக்கு அப்ப நெம்ப சந்தோசமா இருந்துச்சு.

ஆனா அந்த நாய் இருக்குதே, அது என்ற மானத்த வாங்கறதுக்குன்னே பொறந்துச்சு. பஸ் ஸ்டாப்புல வாழப்பழம் விக்கற அக்கா ஒண்ணு இருக்குது. ஒருநா அந்த அக்காளப் பாத்ததும் இது பொத்துன்னு விழுந்து, மல்லாக்கப் படுத்து, நாலு காலையும் தூக்கிட்டு வயித்தத் தடவுங்குது. அந்த அக்கா தடவுச்சு. "ஏனுங்க, இதுக்கா இந்த முள்ளு மாலை?"ன்னு கேட்டுச்சு. பஸ் ஸ்டாப்பே சிரிச்சுது.

அன்னியோட வாக்கிங்க நிறுத்திட்டேன்.

ஆமாங்க. நாய் சாதுவா இருக்குதுன்னு ஊருக்குத் தெரிஞ்சுரும்னு அத வெளிய கூட்டிட்டுப் போறத நிறுத்தினவன் நானு. இந்தக் கூண்டச் செஞ்சு ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில, மீட்டர் பொட்டிக்குப் பக்கத்துல வெச்சேன். துவைக்கற கல்லு இருக்குதே, அதுக்கு அக்கட்ட. கேட்டுல போர்டு மாட்டுனேன். மூணு வருசம் தம்பி. காலைல சோறு, பொழுதோட சோறு. தாரணி காலேஜ் விட்டு வந்து கம்பிக்குள்ள கைய உட்டுத் தடவுவா. அவ இல்லாத நேரமெல்லாம் அது கத்திட்டுக் கெடக்கும். ஆளுக்காகக் கத்துது. தெருவுல போறவங்களுக்கு அது ஒறுமறதாட்டக் கேக்கும். எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

ஆபீஸ்ல கதை கதையா உட்டேன். பழைய ஓனர் கைய மென்னுருச்சு, திருடன் ஒருத்தன் செவுத்து மேலயே விடியற வரைக்கும் உக்காந்திருந்தான், ஒரு ஆட்டக் கழுத்தோட புடிச்சுது. ஒண்ணும் நடக்கல. பழைய ஓனரே கெடையாது.

இப்ப மகுடீஸ்வரியப் பத்திச் சொல்லோணும். சொல்லாம முடியாது.

அவ எங்க செக்ஷனுக்குப் புதுசா வந்த பொண்ணு. வயசு முப்பத்தி நாலு, அஞ்சு இருக்கும். புருசன் எங்ககிட்ட லைன்மேனா இருந்தவரு, போஸ்ட்டு மேல இருந்து விழுந்து போயிட்டாரு. அதுக்காக இவளுக்கு ரீடிங் எடுக்கற வேலை குடுத்தாங்க. அவளும் அவங்க அம்மாளும் மட்டும் ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்காங்க. என்னைய அண்ணான்னு கூப்புடுவா. நாய்னா நடுங்குவா. அவளுக்குத்தான் என்ற பழைய ரூட்டு போச்சு. என்ற ஊடு இருக்கற தெருவும் அதுல வருது.

எங்க செக்ஷன்ல ஒரு பழக்கம் இருக்குதுங்க. ரூட்டு கை மாறும்போது, பழைய ஆளு புது ஆளுக்கு ஒரு சீட்டு எழுதித் தரோணும். எந்தெந்த ஊட்டுல நாய் இருக்குது, கட்டி வெப்பாங்களா, கூப்ட்டா வருவாங்களா, எந்த நாய் பின்னால இருந்து வரும், எல்லாம். ஆபீசருக்குத் தெரியாது, எங்களுக்குள்ள. யாரு யாருகூடச் சண்டையா இருந்தாலும் அந்தச் சீட்டுல மட்டும் பொய் எழுத மாட்டாங்க. ஏன்னா அத நம்பித்தான் ஒருத்தன் கேட்டத் தொறக்கறான்.

நான் எழுதினேன். மொதல் வரில என்ற ஊடு. சிவப்புப் பேனால. "ருத்ரன். கடிக்கும். மூணு பேரக் கடிச்சிருக்குது."

ஒரு வருசம் அவ என்ற ஊட்டுக்குள்ள வரல. ஒவ்வொரு தடவையும் ஊடு பூட்டியிருக்குதுன்னு எழுதிட்டுப் போயிருவா. நானே ரீடிங்கப் பாத்துச் சொல்லுவேன். அவ கேட்டுக்கு அக்கட்ட நிக்கறதப் பாக்கறப்ப, எனக்கு... என்னன்னு சொல்றதுங்க. பால்கனில நிக்கறாப்ல இருந்துச்சு.

அப்பறம் தாரணி ஒரு வீடியோவ ஸ்டேட்டஸ்ல போட்டா. அவ மேல கோபமில்லீங்க, சின்னப் பொண்ணு. நாய்க்குத் தலைல ஒரு குல்லா போட்டு, மடில படுக்க வெச்சு, இட்லி ஊட்டறா. அது கண்ண மூடிட்டுத் திங்குது. அந்தக் கெரகத்த எங்காபீஸ்ல எவனோ பாத்துட்டான். மறுநா நான் உள்ள நுழையறேன், "அண்ணனோட புலிக்கு இட்லிக்குச் சட்னி வேணுமா சாம்பாரா?"ங்கறான் ஒருத்தன். எல்லாரும் மேஜையத் தட்டிச் சிரிக்கறாங்க. மகுடீஸ்வரியும் சிரிச்சா. ஆனா அவ சிரிச்சது வேற மாதிரிங்க. எங்கிட்ட வந்து, "அண்ணா, நல்ல புள்ளையாட்ட இருக்குதே! நான் ஒரு வருசமா வீணாப் பயந்துட்டேன். நாளைக்கு ரீடிங் தேதி. உள்ள வந்தே எடுத்துர்றேன். கூண்டுல இருக்குமில்லீங்கண்ணா?"ன்னு கேட்டா.

இருக்கும் அம்மணின்னு சொன்னேன்.

மறுநா காலைல பத்து மணி. நான் லீவு போட்டுட்டு ஊட்டுல இருந்தேன். அவ வந்தா. தாழ்ப்பாள் லூஸா இருந்துச்சு. நாய் முட்டித் தள்ளிட்டு வெளிய வந்துருச்சு. இதத்தான் எல்லாருகிட்டயும் சொன்னேன். சுலோச்சனா, என்ற சம்சாரம், தண்ணி வெச்சுட்டுச் சரியாப் போடலன்னு கூடச் சொன்னேன். பாவம், அவ அன்னிக்கு ஊட்டுலயே இல்ல, கோயிலுக்குப் போயிருந்தா.

அது கடிக்கலீங்க. மூணு வருசமா வெளியாளையே பாக்காத நாய். சந்தோசம் தாங்காம ஓடிப் போயி அவ மேல ரெண்டு காலையும் வெச்சு எம்புச்சு. நகம் கைல கீறிருச்சு. அவ அலறிட்டுத் திரும்புனா, ஈரத்துல காலு வழுக்கித் துவைக்கற கல்லு மேல விழுந்தா. மணிக்கட்டு முறிஞ்ச சத்தம் ஊட்டுக்குள்ள எனக்குக் கேட்டுச்சு. நாய் அவ தலைமாட்டுல உக்காந்து அவ மூஞ்சிய நக்கிட்டு இருக்குது. கேட்டுக்கிட்ட ஓடியாந்த சனங்களுக்கு அது கொரவளையக் கடிக்கறதாட்டத் தெரிஞ்சுது. ஏன் தெரியாது? அப்பிடித்தான நான் மூணு வருசமாச் சொல்லி வெச்சிருக்கேன்.

கட்டை, கல்லுன்னு கைல கெடச்சத எடுத்துட்டு உள்ள வந்துட்டாங்க. ஒரு அடி நாய் முதுகுல விழுந்துச்சு. அது திருப்பிக் கடிச்சுதுங்களா? இல்ல. ஓடியாந்து, அப்பத்தான் வெளிய வந்து நின்ன என்ற காலுக்குப் பின்னால ஒளிஞ்சுது. எனக்குப் பின்னால.

கீழ கெடந்துட்டே மகுடீஸ்வரி, "கடிக்கல, கடிக்கல, அடிக்காதீங்க"ங்கறா. யாரு காதுலயும் உழுகல.

ஒருத்தன் செல்போன்ல வீடியோ எடுத்துட்டு, "ஏனுங்க, உங்க நாய்ங்களா இது?"ன்னு எம் மூஞ்சிக்கு நேரா நீட்டறான்.

நான் சொன்னேன். "என்ற நாய் இல்லீங்க. எங்க மச்சான் விட்டுட்டுப் போனது. இந்த ஜாதியே இப்பிடித்தானுங்க, ரத்தத்துலயே வெறி, நம்ப முடியாது. புடிச்சுட்டுப் போயிருங்க."

அது என்ற காலுல ஒட்டிட்டு நிக்குதுங்க தம்பி. அதோட ஒடம்பு நடுங்கறது எனக்குத் தெரியுது. அப்பத்தான் இதச் சொன்னேன்.

அந்த வீடியோ இன்னும் சுத்திட்டு இருக்குது. நீங்க கூடப் பாத்திருப்பீங்க. வெள்ளைச் சட்டை, கண்ணாடி. அது நாந்தான்.

பொழுதோட நாய் புடிக்கற வண்டி வந்துச்சு. நாயப் பைபாஸ் பக்கம் இருக்கற நாய்க் காப்பகத்துல விட்டாங்க. ஆஸ்பத்திரில டாக்டர் நாய்க்கு ஊசி போட்ட அட்டையக் கேட்டாரு. அட்டை இருந்திருந்தா அந்தப் புள்ளைக்குப் பாதி வெசனம் கொறைஞ்சிருக்கும். இல்ல. "அப்ப இவங்களுக்கு ஊசி ஆரம்பிக்கோணும், நாயப் பத்து நாளைக்குத் தெனமும் பாத்துட்டு இருக்கோணும். பத்து நாள் நல்லா இருந்துச்சுன்னாப் பயமில்ல. யாராச்சும் போய்ப் பாருங்க"ன்னாரு. என்னையத்தான் பாத்துச் சொன்னாரு. நான் தலையாட்டுனேன்.

போகலீங்க. ஒருநா கூடப் போகல. வீடியோ பாத்தவங்க யாராச்சும் அங்க இருப்பாங்களோன்னு ஒரு வெக்கம். அது என்னையப் பாத்து வாலாட்டுச்சுன்னா, மச்சான் நாய்னு சொன்னது பொய்யாயிருமேன்னு ஒரு பயம். பாருங்க, எனக்கு எது முக்கியமா இருந்துச்சுன்னு.

மகுடீஸ்வரி போனா. மாவுக்கட்டுப் போட்ட கையோட, டவுன் பஸ்ல, தெனமும். அவளுக்கு உசுரு பயம் இருக்குதில்லீங்களா. அந்த நாய் செத்துட்டா இவளும் செத்தான்னு அக்கம்பக்கம் அப்பிடிப் பேசி வெச்சிருக்காங்க. மொத நாள் தூரத்துல நின்னு அது மூச்சு உடுதான்னு மட்டும் பாத்துட்டு வந்தாளாம். ரெண்டாம் நாளும் அப்பிடித்தான். மூணாம் நாள் பிஸ்கட் வாங்கிட்டுப் போனாளாம். இதெல்லாம் தாரணி சொன்னது. தாரணி எனக்குத் தெரியாம அவகூடப் போயிருக்கா. பத்தாம் நாள் மகுடீஸ்வரி எனக்குப் போன் பண்ணா. "அண்ணா, முட்டை நல்லாருக்குதுங்கண்ணா. எனக்கும் ஒண்ணுமில்ல. வந்து கூட்டிட்டுப் போங்க."

தெருக்காரங்க கையெழுத்துப் போட்டு மனு குடுத்திருக்காங்க அம்மணி, நான் எப்பிடிக் கூட்டியாரதுன்னேன். மனு குடுத்தது நெசம். ஆனா குடுக்காட்டியும் நான் போயிருக்க மாட்டேன். "செரிங்கண்ணா"ன்னு போன வெச்சுட்டா.

அவளே கூட்டிட்டுப் போயிட்டா. நாய்னா நடுங்குனவ. ஊசி எல்லாம் போட்டு, லைசென்ஸ் எடுத்து, அந்த அட்டைய எடுத்துட்டுப் பக்கத்து ஊடு, எதுத்த ஊடுன்னு ஒவ்வொரு ஊடாப் போயிக் காட்டியிருக்கா. "வெளிய வந்தா வாய்க்கூடு போட்டுத்தான் கூட்டிட்டு வருவேன், கயிறு என்ற கைலதான் இருக்கும், ஏதாச்சும்னா இந்த நம்பருக்குக் கூப்புடுங்க"ன்னு சொல்லியிருக்கா. ஒரு ஊட்டுக்காரங்க கதவச் சாத்தியிருக்காங்க. அடுத்த வாரம் மறுபடி போயிருக்கா. காலைலயும் பொழுதோடயும் நடக்க வெக்கறா. தாரணி ஞாயித்துக்கெழமை ஆனா அங்கதான். என்னைய யாரும் வான்னு கூப்புடல. நானும் ஏன் கூப்புடலன்னு கேக்கல.

ஆபீஸ்ல எங்கிட்ட விளக்கம் கேட்டாங்க. சக ஊழியருக்கு இப்பிடி ஆயிருச்சேன்னு. எழுதிக் குடுத்தேன். தாழ்ப்பாள் பழுதடைந்திருந்த காரணத்தால்னு. ஆபீசர் அவளையும் கூப்ட்டுக் கேட்டாரு. நான் ரூமுக்கு வெளிய நிக்கறேன், கதவு தொறந்து கெடக்குது. "ஆமாங்க சார், தாழ்ப்பாள் லூஸா இருந்துச்சு"ன்னா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. வெளிய வந்தா. என்ற மூஞ்சியப் பாக்காம நேரா நடந்து போயிட்டா. கை வலியாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்.

அவ கை சேர்ற வரைக்கும் அவ ரூட்டு எங்கிட்ட வந்துச்சு. பழக்கப்படி சீட்டு எழுதித் தந்தா. வலது கைல மாவுக்கட்டு, எடது கைல எழுதியிருக்கா, எழுத்தெல்லாம் கோணலா இருக்குது. இருங்க, சட்டைப் பாக்கெட்லயேதான் வெச்சிருக்கேன். இந்தாங்க, நீங்களே படிங்க. அவ ஊட்டு நம்பருக்கு நேரா. "முட்டை. கடிக்காது. ஊசி போட்டிருக்கு. கூப்பிட்டால் நான் வருவேன்."

படிச்சீங்களா? குடுங்க.

அன்னிக்கு அவ ஊட்டுக் கேட்டு முன்னால நின்னேன். சின்ன ஊடு, வாசல்ல ஒரு சங்குப்பூக் கொடி. நான் எத்தனையோ கேட்டு முன்னால நின்னிருக்கேன், அதுக்கு முன்னால எங்கயும் கேட்டுல கை வெக்கத் தயங்குனதில்ல. "நாயக் கட்டுங்க"ன்னு கத்துனேன். என்ற கொரல் உள்ள போனதும் நகம் தரைல கீறுற சத்தம் கேட்டுச்சு.

அவ வந்தா. "கட்ட வேண்டாங்கண்ணா. நீங்கதான, உள்ள வாங்க"ன்னா.

"இல்ல அம்மணி, கட்டிரு"ன்னேன். கடிக்குமின்னு இல்லீங்க. அது வந்து மேல ஏறுச்சுன்னா நான் என்ன பண்றதுன்னு தெரியல.

அவ புரிஞ்சுட்டா. ஒத்தைக் கைல கயித்தப் புடிச்சு ஜன்னக் கம்பில கட்டுனா. பட்டை பெல்ட்டு, முள்ளு இல்லாதது. நான் மீட்டர்கிட்டப் போறேன். எனக்குப் பின்னால அதோட வாலு செவுத்துல பட்டு டப்பு டப்பு டப்புன்னு அடிக்குது. நான் திரும்பல. ரீடிங்க மூணு தடவை படிச்சேன், நம்பர் மண்டைல ஏறல. எழுதிட்டு வெளிய வர்றப்ப அவ கேட்டுகிட்ட நின்னுட்டிருந்தா. மெதுவாத்தான் கேட்டா, அவங்கம்மாளுக்குக் கேக்கக் கூடாதுன்னு.

"அண்ணா, அன்னிக்கு நான் கேட்டுல நின்னு, நாயக் கட்டியிருக்கீங்களான்னு கேட்டேன். கட்டியிருக்குது, உள்ள வா அம்மணின்னு சொன்னீங்க. சொல்லிட்டுப் பொடக்காளி ஜன்னல்ல வந்து நின்னீங்க. நான் விழறதுக்கு முன்னாலயே உங்களப் பாத்துட்டேன். சிரிச்சுட்டு இருந்தீங்கண்ணா."

ரீடிங் நோட்டக் கக்கத்துல வெச்சுட்டுத் தெருவுல எறங்குனேன். கேட்டச் சாத்திட்டு, அவ உள்ள போயிக் கயித்த அவுத்து உட்டா.

அதுல இருந்து இந்தக் கூண்டு என்ற கண்ணுல படக் கூடாதுன்னு இருக்குது. தெனமும் பல்லு வெளக்கப் பொடக்காளிக்கு வந்தா, மொதல்ல இதுதான் தெரியுது. அதான் சும்மா குடுக்கறேன். நீங்க குட்டிய இதுல போடாதீங்க தம்பி. கோழி வளக்கறவங்க யாருக்காச்சும் குடுத்துருங்க. குட்டிய ஊட்டுக்குள்ள வெய்ங்க, தெருவுல நடத்திக் கூட்டிட்டுப் போங்க, நாலு பேரு தடவட்டும். ஊசி அட்டையப் பத்திரமா வெய்ங்க. நான் சொல்றதுக்கு எனக்கு ஒரு அருகதையும் இல்ல, தெரியும்.

ஆங், வண்டிக்காரர் வந்துட்டாரு. வாங்கண்ணா, அக்கட்டப் புடிங்க. தம்பி, நீங்க கதவுப் பக்கம் புடிங்க.

என்னங்க? ஏன் நிக்கறீங்க?

தாழ்ப்பாளா. இழுத்துப் பாத்தீங்களா. ரெண்டு கைல இழுத்தாத்தான் வருதா.

ஆமாங்க தம்பி. லூஸு இல்ல. தாழ்ப்பாள் நல்லாத்தான் இருக்குது. அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அவ கேட்டத் தொறக்கற சத்தம் கேட்டதும், நாந்தானுங்க ரெண்டு கைலயும் இழுத்துத் தொறந்து உட்டுட்டு, ஜன்னலுக்கு ஓடுனேன்.